பதினெட்டரை நிமிடமும் கீழக்கரைக் கேசட்டும்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கும். ஜூன் 14 வரை மொத்தம் 61 நாள். அந்த நாட்களில் பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் எங்கும் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு அசையாமல் நிற்கும். கிழிந்த வலையைச் சரிசெய்கிறவர்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள், கையில் வேலை இல்லாதவர்கள் எல்லோருக்கும் சாயங்காலம் ஒரே இடம், டீக்கடை பெஞ்சு. அப்படி ஒரு சாயங்காலம் ஒருவருடைய போனுக்கு ஒரு ஆடியோ வந்தது. பெரிய பதவியில் இருக்கும் ஒருவருடைய குரல் என்றார்கள். ஒன்றரை நிமிடம். ஸ்பீக்கரில் போட்டார். முடிந்ததும் பெஞ்சில் இருந்து வந்த முதல் கேள்வி: “யாருண்ணே இதை ரெக்கார்ட் பண்ணது?” அடுத்தது: “எந்தக் கட்சிக்காரங்க வெளிய விட்டாங்க?” மூன்றாவதாக ஒரு கல்லூரிப் பையன், “ஏஐ-ல பண்ணியிருப்பாங்க” என்றான். அதோடு பேச்சு மழைக்கும் டீசல் விலைக்கும் போய்விட்டது.

அந்த ஒன்றரை நிமிடத்தில் அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அது உறைத்தது.

ஒரு ரகசிய ஒலிப்பதிவு வெளியே வந்தால் இரண்டு கேள்விகள் எழும். என்ன பேசினார்கள்? யார், எப்படிப் பதிவு செய்தார்கள்? இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் நம் நாட்டில் கடந்த நாற்பது வருடக் கதைகளை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியை விழுங்கிவிடுகிறது. பதவியில் இருப்பவர்களுக்கு அது பெரிய வசதி. பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், பதிவு செய்தவரைப் பற்றியே மாதக்கணக்கில் பேசலாம். இது எப்படி நடக்கிறது, எங்கே இப்படி நடக்காமல் போனது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எங்கள் ஊரில் ஒட்டுக்கேட்பது யாருக்கும் புதிதில்லை. கடலில் வயர்லெஸ் செட்டில் பேசினால் பக்கத்துப் படகு கேட்கும், கடலோரக் காவல்படை கேட்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் இலங்கைக் கடற்படையும் கேட்கும். தெரிந்தேதான் பேசுகிறோம். நல்ல மீன்பாடு கிடைத்த இடத்தை யாரும் அதில் உளறமாட்டார்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது நான்கு சுவருக்குள் யாரும் கேட்கவில்லை என்று நம்பிப் பேசும்போதுதான். அல்லது, கேட்டாலும் அந்தப் பதிவு தன் கையை விட்டுப் போகாது என்று நம்பும்போது.

இரண்டாவது வகையில் உலகமே அறிந்த பெயர், அமெரிக்க அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன். அவரை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. 1971 பிப்ரவரியில் தன் அலுவலகத்தில் தானே ஒலிப்பதிவுக் கருவிகளை வைக்கச் சொன்னார். மேசைக்குள் மைக்ரோபோன்கள்; பேச்சு எழுந்தால் டேப் தானாக ஓடத் தொடங்கும். 1973 ஜூலை வரை ஏறக்குறைய 3,700 மணி நேரம் அப்படிப் பதிவானது. 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அவர்கள் அங்கே போனதே ஒட்டுக்கேட்கும் கருவி சம்பந்தமான வேலைக்குத்தான். வெள்ளை மாளிகைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒரு வருடம் சாதித்தார்கள். 1973 ஜூலை 16 அன்று அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் என்ற முன்னாள் உதவியாளர், செனட் குழுவின் முன் பொதுவில் நேரடியாகக் கேட்கப்பட்டபோது, ஆமாம், டேப் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பதிலோடு வழக்கின் திசை மாறியது. அதுவரை இவர் சொன்னார், அவர் மறுத்தார் என்று இருந்தது. இனிமேல் போட்டுக் கேட்டுவிடலாம்.

ஆனால் கேட்க விடவில்லை. டேப்பைத் தரச் சொல்லிப் பிடிவாதமாக நின்ற சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி 1973 அக்டோபர் 20-ஆம் தேதி நிக்சன் உத்தரவிட்டார். அட்டர்னி ஜெனரல் மறுத்து ராஜினாமா செய்தார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவர்தான் உத்தரவை நிறைவேற்றினார். அதன் பிறகு கோர்ட்டுக்கு வந்த டேப்களில் ஒன்றில், 1972 ஜூன் 20-ஆம் தேதிப் பேச்சில், பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல். பிடிபட்டு மூன்றே நாள் கழித்து நடந்த பேச்சு அது. நிக்சனின் செயலாளர், தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது போன் வந்ததாகவும், தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டதாகவும், ஆனால் தன்னால் அழிந்தது ஐந்து நிமிடம்போலத்தான் இருக்கும் என்றும் சொன்னார். கோர்ட் அமைத்த நிபுணர் குழு டேப்பை ஆராய்ந்து, அது குறைந்தது ஐந்து தடவை தனித்தனியாக அழிக்கப்பட்டது என்றது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் கீழக்கரை ஞாபகம் வரும்.

எண்பதுகளில் பள்ளி விடுமுறையில் கீழக்கரையில் ஒரு கேசட் கடையில் நான் எடுபிடியாக இருந்தேன். முதலாளியை ஊரே காக்கா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடும். பாட்டு கேசட் விற்பதைவிட அவருக்குப் பெரிய வேலை வேறு ஒன்று இருந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு சபராளிகள். துபாய், சவுதி, சிங்கப்பூர் என்று ஆண்கள் போயிருப்பார்கள். கடிதத்துக்குப் பதிலாக கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் இவர்கள் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அந்த கேசட் டேப் ரெக்கார்டரில் சிக்கிச் சுருண்டுவிட்டால் கடைக்கு வரும். காக்கா பென்சிலை விட்டுச் சுற்றி, கசங்கிய இடத்தைப் பிளேடால் நறுக்கி, இரண்டு முனையையும் மெல்லிய ஒட்டுநாடாவால் சேர்ப்பார். விரல்கடை அளவு துண்டு போனாலே ஒரு வார்த்தை போய்விடும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஓடவிட வேண்டுமே. காக்கா சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, செட்டில் இருந்த சின்ன முள் அசைகிறதா என்று மட்டும் பார்ப்பார். நான் ஒரு நாள் ஆர்வத்தில் சத்தத்தைக் கூட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, அது அவங்க வீட்டுப் பேச்சு. முள்ளு ஆடுதா, நமக்கு அது போதும்.”

இன்னொன்றும் அவர் சொல்லித் தந்தார். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே எதுவும் பதிவாகாது, பொத்தானே இறங்காது. பத்திரமாக வைக்க வேண்டிய கேசட் என்றால் பல்லை உடைத்துக் கொடுப்பார். ஒரு லாத்தா (அக்கா), வெளிநாட்டில் இறந்துபோன தன் வாப்பாவின் கடைசி கேசட்டைக் கொண்டுவந்து, உடைத்த பிறகும் நம்பாமல், தன் கண் முன்னாலேயே பதிவுப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூலப் பதிவைக் காப்பது என்றால் என்னவென்று நான் பிறகு படித்த எந்தத் தீர்ப்பும் அவரைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

நிக்சனுக்கு வருவோம். 1974 ஜூலை 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டேப்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 8-0 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த எட்டு நீதிபதிகளில் மூன்று பேர் நிக்சனே நியமித்தவர்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி வெளியான ஒரு டேப்பில், 1972 ஜூன் 23 அன்று, எஃப்பிஐ போலீஸின் விசாரணையை சிஐஏ உளவுத்துறை மூலம் தடுக்கும் யோசனைக்கு அவர் சம்மதித்தது அவர் குரலிலேயே இருந்தது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பதவி போனது. அங்கே அறைக்கு வந்தவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்தது சரியா என்ற கேள்வியும் எழுந்தது. ஆனால் அந்தக் கேள்வி, என்ன பேசினார் என்பதை மறைக்கவில்லை. காரணம், மூல டேப் இருந்தது; அதைக் கேட்டே தீருவேன் என்று நின்ற கோர்ட்டும் நாடாளுமன்றமும் இருந்தன; வேலை போனாலும் பரவாயில்லை என்று இரண்டு அதிகாரிகள் எழுந்து போனார்கள்.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. இங்கே பதவிகளை முதலில் ஆட்டிப் பார்த்தது ஒட்டுக்கேட்பு நடந்தது என்ற குற்றச்சாட்டுதான். 1988 ஆகஸ்டில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே, அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரத்தில் ராஜினாமா செய்தார். 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தி வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்ததாக எழுந்த சண்டையில் காங்கிரஸ் ஆதரவு தள்ளாட, பிரதமர் சந்திரசேகர் 6-ஆம் தேதி ராஜினாமா செய்தார். அதனால் வந்த தேர்தலின் பிரசாரத்தில்தான் மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் நடந்தது.

அந்தக் காலத்து ஒட்டுக்கேட்பு விவகாரங்களில் இருந்துதான் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுப்படி அரசு ஒட்டுக்கேட்கலாம். ஆனால் பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். உள்துறைச் செயலாளர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம், ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். எடுத்ததில் தேவையான அளவு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். தேவையான அளவு மட்டுமே என்பது காக்கா எனக்குச் சொன்னதுதான். 2007-இல் இவை விதிகளாகவே வந்தன. மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே, நீதிபதி யாரும் கிடையாது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் இருக்கும் குறை. அரசு உத்தரவிட, அரசே சரிபார்க்கிறது.

அந்த விதிகளின்படி எடுத்த பதிவுதான் தமிழ்நாட்டை உலுக்கியது. நீரா ராடியா என்ற நிறுவனத் தொடர்பாளரின் போனை வருமான வரித்துறை, உள்துறையின் அனுமதியோடு 2008-இலும் 2009-இலும் ஒட்டுக்கேட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல்கள். 2010 நவம்பரில் அவற்றில் ஒரு பகுதி பத்திரிகைகளில் வந்தது. அமைச்சர் பதவி யாருக்கு, எந்த இலாகா யாருக்கு என்று தொழிலதிபர்களின் ஆட்களும் பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் பேசிக்கொண்டது ஊருக்கே கேட்டது. ஏற்கெனவே 2ஜி அலைக்கற்றை விவகாரம் சூடாக இருந்த மாதம் அது. மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா நவம்பர் 14 அன்று ராஜினாமா செய்திருந்தார். எங்கள் டீக்கடையில் அப்போது நடந்த பேச்சில், டேப்பில் இருப்பது எல்லாம் நிரூபணமான குற்றம் என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ.ராசா உட்பட அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ராடியா உரையாடல்களைப் பொறுத்தவரை, தாங்கள் ஆராய்ந்ததில் குற்றம் எதுவும் தென்படவில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சிபிஐ சொன்னது.

இதில் எனக்கு இரண்டு பக்கமும் வருத்தம் உண்டு. அந்தப் பேச்சுகளில் வீட்டு விஷயமும் இருந்தது. அதை வெளியிட்டிருக்கக் கூடாது. ரத்தன் டாடா அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2010-இல் உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பிறகு அந்த வாதத்துக்கு இன்னும் எடை கூடியது. ஆனால் அதே டேப்பில், ஜனநாயக நாட்டில் ஒரு மந்திரிசபை எப்படி அமைகிறது என்ற பொது விஷயமும் இருந்தது. அது குற்றமா இல்லையா என்பது வேறு. அது சரியா என்று ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அந்தப் பேச்சு முழுதாக நடக்கவே இல்லை. யார் கசியவிட்டது என்று விசாரித்தார்கள்.

மாநிலத்திலும் இதே கதைதான். 2008 ஏப்ரலில் அன்றைய தலைமைச் செயலாளரும் லஞ்ச ஒழிப்புத் துறையின் உயர் அதிகாரியும் போனில் பேசியது பத்திரிகையில் வெளியானது. ஒட்டுக்கேட்பு நடந்ததா என்று விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி பி.சண்முகம் தலைமையில் ஆணையம் வந்தது. அடுத்த மாதமே, லஞ்ச ஒழிப்பு அதிகாரியோடு உறவினர் ஒருவருக்காகப் பேசிய விவகாரத்தில் அமைச்சர் பூங்கோதை ராஜினாமா செய்தார். பின்னர் அமைச்சரவைக்குத் திரும்பினார். அங்கே பேசியவர் பொறுப்பேற்றார் என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். இன்றைய பேச்சில் அந்தப் பழக்கம் அருகிவிட்டது. 2023 ஏப்ரலில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஆடியோக்கள் சுற்றின. ஜோடிக்கப்பட்டவை என்று அவர் மறுத்தார். மே 11 அன்று அவருக்குத் தகவல் தொழில்நுட்ப இலாகா வந்தது. ஆடியோவுக்கும் இதற்கும் தொடர்பு என்று அரசு சொல்லவில்லை. விசாரணை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. அது உண்மையா போலியா என்பதை ஒரு பொது அமைப்பு சோதித்துச் சொல்லியிருந்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

கேமரா வைத்துப் பிடித்தவை இன்னொரு ரகம். 2001 மார்ச் 13 அன்று தெஹல்கா என்ற இணையப் பத்திரிகை வெளியிட்ட வீடியோவில், ஆயுத வியாபாரிகள் என்று நடித்தவர்களிடம் பாஜக தலைவர் பங்காரு லட்சுமண் ஒரு லட்சம் ரூபாய் வாங்கியது தெரிந்தது. கட்சித் தலைவர் பதவி உடனே போனது. பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸும் விலகினார். அதே வருடம் அக்டோபரில் அதே பதவிக்குத் திரும்பினார். பங்காரு லட்சுமணுக்கு நீதிமன்றம் நான்கு வருடத் தண்டனை கொடுத்தது 2012 ஏப்ரலில். 11 வருடம். இன்னொன்றைப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க எம்பிக்கள் பணம் வாங்கியது 2005 டிசம்பர் 12 அன்று தொலைக்காட்சியில் வந்தது. டிசம்பர் 23 அன்று 11 எம்பிக்களை இரண்டு அவைகளும் வெளியேற்றின. 11 நாள். அவர்கள் வாங்கியதாகச் சொல்லப்பட்டது 15,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்துச் சொச்சம் வரை. 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த வெளியேற்றம் செல்லும் என்றது. கேமரா வைத்தது சரியா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். ஆனால் அவை தானே குழு அமைத்து, படத்தைப் போட்டுப் பார்த்து, எம்பிக்களின் விளக்கம் கேட்டு, முடிவெடுத்தது. மனசு வைத்தால் நம் நாட்டிலும் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்பதற்கு அந்த 11 நாள் சாட்சி.

சரி, கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? தனுஷ்கோடியில் நின்றால் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் பெரியவர்கள் இலங்கை வானொலி கேட்டே வளர்ந்தவர்கள். அங்கே நடப்பது எங்களுக்கு வெளிநாட்டுச் செய்தி மாதிரியே இருக்காது. 2020 ஜனவரியில் ரஞ்சன் ராமநாயக்க என்ற நடிகர், எம்பி, முன்னாள் ராஜாங்க அமைச்சர், தன் போனில் வருடக்கணக்காகப் பதிவு செய்துவைத்த உரையாடல்கள் போலீஸ் சோதனைக்குப் பிறகு வெளியே வழிந்தன. நீதிபதிகளோடும் போலீஸ் அதிகாரிகளோடும் வழக்குகள் பற்றிப் பேசியவை அவற்றில் இருந்தன. ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ரஞ்சன் பிறகு சிறைக்குப் போனார். ஆனால் அது 2017-இல் அவர் பேசிய வேறொரு பேச்சுக்காக, நீதிமன்ற அவமதிப்பு வழக்கில். 2022 ஆகஸ்டில் மன்னிப்பில் வெளியே வந்தார். அங்கேயும் பல நாட்கள் சுற்றியது சினிமா நடிகைகள் சம்பந்தப்பட்ட பேச்சுகள்தான். ஒரு அரசியல்வாதி நீதிபதியிடம் வழக்கைப் பற்றி எப்படிப் போனில் பேச முடிந்தது என்ற பெரிய விஷயம், அந்தச் சத்தத்தில் பின்னால் போனது. வீட்டுப் பேச்சையும் பொதுப் பேச்சையும் ஒன்றாகக் கொட்டினால், கூட்டம் வீட்டுப் பேச்சைத்தான் முதலில் பொறுக்கும்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஊரில் பலருக்கு இதில்தான் குழப்பம்.

அரசு மூன்றாவது ஆளாக நின்று கேட்பது ஒட்டுக்கேட்பு. அதற்கு மேலே சொன்ன உத்தரவு, காலக்கெடு எல்லாம் வேண்டும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் மத்திய உள்துறை 2011-இல் கொடுத்த ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்ற காரணம் மட்டும் போதாது, பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ அதில் இல்லை என்றது. ஆனால் நீங்களே ஒருவரோடு பேசி, அதை உங்கள் போனில் பதிவு செய்வது வேறு. மும்பையில் ஒரு மரண விசாரணை அதிகாரி 1964-இல் டாக்டர் ஒருவரிடம் பணம் கேட்ட வழக்கில், இன்னொரு டாக்டரின் போனில் அவர் சம்மதத்தோடு போலீஸ் டேப் ரெக்கார்டரை இணைத்துப் பதிவு செய்தது. பேசும் இருவரில் ஒருவர் சம்மதித்தால் அது ஒட்டுக்கேட்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மல்கானி வழக்கு என்பார்கள். 1973-இன் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சட்டவிரோதமாகக் கிடைத்த பதிவாக இருந்தாலும், சம்பந்தமுடையது என்றால் சாட்சியமாக ஏற்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

ஏற்பது வேறு, நம்புவது வேறு. 1985-இல் ஒரு தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் நம்புவதற்கான நிபந்தனைகளைச் சொன்னது. குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும். வெட்டி ஒட்டவில்லை என்பது தெரிய வேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். முத்திரையிட்டுப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குரல் மாதிரி தர முடியாது என்று சம்பந்தப்பட்டவர் மறுத்தால்? 2019 ஆகஸ்டில், மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று தீர்ப்பானது; இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, டிஜிட்டல் பதிவோடு ஒரு சான்றிதழும், அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பைக் கணக்குப் போட்டு எடுக்கும் ஒரு நீளமான எண். கோப்பில் ஒரே ஒரு இடம் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். பழைய அரக்கு முத்திரையின் வேலையை இன்று அது செய்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், இப்போது போலிக் குரல் செய்வது சுலபமாகிவிட்டது. 2018-இல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் ஒரு புத்தக விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். அது செயற்கை என்று சொல்லியே போட்டார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, உண்மையான டேப்பில் மாட்டியவரும் “ஏஐ” என்று ஒரே வார்த்தையில் போய்விடலாம். அந்தக் கல்லூரிப் பையன் பெஞ்சில் இருந்து சொன்னது அதுதான். போலியைவிட எனக்குப் பயம் தருவது இது. மூலப் பதிவும் அதன் எண்ணும் இல்லாவிட்டால், மறுப்பவரை எதிர்த்துச் சொல்ல நம் கையில் ஒன்றும் இருக்காது.

நான் நேரில் பார்த்தது ஒன்று. சில வருடம் முன்பு எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன், படகு சம்பந்தமான காகிதத்துக்காக ஓர் அலுவலகத்தில் பணம் கேட்டதைப் போனில் பதிவு செய்துவிட்டான். ஆத்திரத்தில் அன்றிரவே ஊர்க் குழுவில் போட்டுவிட்டான். மறுநாள் அது எங்கெங்கோ போய்விட்டது. நடுவில் யாரோ முன்பாதியை வெட்டி, பின்னணியில் பாட்டுச் சேர்த்து, தலைப்பு வைத்துச் சுற்றவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவன் அந்தப் போனைக் கொடுத்து வேறு போன் வாங்கியிருந்தான். வாட்ஸ்அப்பில் இருந்ததைக் காட்டினான். அதில் கோப்பின் பெயரே வேறு, பதிவான நேரமும் இல்லை. மூலம் எங்கே என்றார்கள். அரசு அலுவலகத்துக்குள் பதிவு செய்ய யார் அனுமதி கொடுத்தது என்றார்கள். எவ்வளவு கேட்டார், எதற்குக் கேட்டார் என்ற பேச்சு வந்ததாக அவன் சொல்லவில்லை. கேட்டவருக்கு இடமாற்றம். இவனுக்குக் காகிதம் கிடைக்க மேலும் எட்டு மாதம்.

அதனால்தான் போன மாதம் இன்னொரு பையன், “அண்ணே, ஒண்ணு ரெக்கார்ட் ஆயிருக்கு, குரூப்ல போடவா?” என்று வந்தபோது, நான் முதலில் அவன் கையில் இருந்து போனை வாங்கி விமானப் பயன்முறையில் போட்டேன். யாருக்கும் அனுப்பாதே என்றேன். தெரிந்த வக்கீல் ஒருவர் வீட்டுக்குப் போனோம். அவர் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து, ஹாஷ் எண்ணை எடுத்து, பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் யார் இருந்தபோது பேசியது என்று பையனையே கையால் எழுதச் சொன்னார். நிர்ப்பந்தத்தில் லஞ்சம் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவர் மேல் குற்றம் வராது என்று 2018 திருத்தத்தில் இருப்பதையும், இவன் இன்னும் கொடுக்கவே இல்லை என்பதால் நேராக லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம் என்பதையும் விளக்கினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: அதே ரெக்கார்டிங்கில் வேறு ஏதாவது வீட்டுப் பேச்சு இருக்கிறதா? இருந்தது. அவன் தங்கை கல்யாணத்தைப் பற்றி அம்மாவோடு பேசியது முதல் இரண்டு நிமிடத்தில் பதிவாகியிருந்தது. அதை வெட்ட வேண்டாம், மூலம் மூலமாகவே இருக்கட்டும். எழுத்து வடிவம் கொடுக்கும்போது அந்தப் பகுதியைச் சேர்க்காமல் விடலாம் என்றார்.

போனை ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின மேலேயே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். புகார் போய்விட்டது. கூப்பிடும்போது உறையைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பையன் அவன் அம்மாவின் பழைய பட்டன் போனில் இருந்துதான் என்னைக் கூப்பிடுகிறான்.